பெயர் போட்ட படம் இருக்க, பெயரில்லாத படம் எதற்கு?

விவால்டியின் படம் வேண்டும் என்று தேடுங்கள். சிவப்பு அங்கி மாட்டி, கையில் வயலினோடு நம்மையே பார்க்கும் ஓர் ஆசாமி வந்து நிற்பார். சிடி அட்டைகளிலும் பெரும்பாலும் அவர்தான். இத்தாலியின் போலோஞா நகர இசை அருங்காட்சியகத்தில் இருக்கும் எண்ணெய் ஓவியம் அது. ஒரே ஒரு சின்னச் சிக்கல். அது விவால்டி என்று அந்த ஓவியத்தில் எங்கேயும் எழுதவில்லை. வரைந்தவர் யார் என்றும் தெரியாது. (மற்றபடி எல்லாம் சரிதான்!)

சரி, பெயர் போட்ட படமே கிடையாதா? இருக்கிறது. 1725-ல் மொரெல்லோன் த லா காவ் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். அந்தோனியோ விவால்டியின் உருவம் என்று லத்தீனில் அதிலேயே பொறித்திருக்கிறது. அப்போது விவால்டிக்கு 47 வயது, உயிரோடு இருக்கிறார். அதற்கும் முன்னால், 1723-ல், ரோமில் கெஸ்ஸி வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. பக்கவாட்டு முகம், பெரிய மூக்கு, கூடவே 'சிவப்புப் பாதிரியார்' என்ற பட்டப்பெயர்.

இப்படி இரண்டு சாட்சிகள் கையில் இருக்க, மூன்றாவது ஆள் எப்படி உள்ளே வந்தார்? விவால்டிக்குச் செம்பட்டை முடி. ஓவியத்தில் இருப்பவரின் விக்குக்கு அடியில் செம்பட்டை எட்டிப் பார்க்கிறது என்கிறார்கள். முகமும் லா காவின் படத்தைப் போல இருக்கிறதாம். ஆக, அச்சுப் படத்தைச் சாட்சியாக வைத்துத்தான் ஓவியத்துக்கே பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததும் என்ன ஆயிற்று? அச்சுப் படம் வெறும் கறுப்பு வெள்ளை, உயிரில்லை என்று ஓரங்கட்டிவிட்டார்கள். ஜாமீன் கொடுத்தவனையே வெளியே தள்ளிய கதை.

அச்சுப் படமும் அச்சு அசல் முகம் என்று சொல்ல முடியாதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விக், தோளில் சரியும் துணி, கையில் இசைத்தாள் எல்லாம் அந்தக் காலத்துச் செதுக்குப் படங்களின் வழக்கமான சாமான்கள். ஆனால் அதைப் படிக்க வேண்டிய விதமே வேறு. அதே 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் லெ சென் என்ற பதிப்பாளர் விவால்டியின் எட்டாவது தொகுப்பை வெளியிட்டார். 12 கான்செர்ட்டோக்கள், முதல் நான்குதான் 'நான்கு பருவங்கள்'. அந்த இசைக்குறிப்புகளும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவைதான். பாட்டு விற்ற அதே தொழில்நுட்பம்தான் முகத்தையும் விற்றது.

அப்படிப் பார்த்தால் படம் பேச ஆரம்பிக்கிறது. 1703-லேயே பாதிரியார் பட்டம் பெற்ற மனிதர் அவர். படத்திலோ பாதிரியாரைக் காணோம். திறந்த கழுத்துச் சட்டையும் இசைத்தாளுமாக ஒரு இசையமைப்பாளர் மட்டும் இருக்கிறார். வெனிஸுக்கு வெளியே காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அவரை எப்படிக் காட்ட நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. போலோஞா ஓவியத்தின் கண்ணில் 'கனவு', 'தாபம்' என்று உருகி எழுதுகிறவர்கள் யாருடைய கண்ணைப் பற்றி எழுதுகிறார்கள்? அது வேறு யாரோ ஒரு வயலின்காரராக இருந்தால், உருகியதெல்லாம் யார் கணக்கில்?

ஓவியத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே 'விவால்டி என்று கருதப்படுபவர்' என்று போட்டால் போதும். சிடி அட்டையில் பார்கோடுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதிகூட அதற்குத் தேவைப்படாது.