உடைந்தால் திட்டாதீர்கள்!

1878-ஆம் ஆண்டு.

அமெரிக்காவில் ஒரு பாதிரியார் வெளியூர் போய்விட்டு வீடு திரும்பினார். கைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பெரியவனுக்கு வயது 11. சின்னவனுக்கு 7.

அப்பா கையை விரித்தார். உள்ளே இருந்த பொருள் கீழே விழவில்லை. மேலே பறந்தது! கூரையில் முட்டியது. கொஞ்ச நேரம் படபடத்தது. பிறகுதான் தரையில் விழுந்தது.

தக்கை, மூங்கில், மெல்லிய காகிதம். இவற்றால் செய்த பொம்மை அது. முறுக்கிய ரப்பர் வளையம் அதைச் சுழல வைத்தது.

அப்படிப்பட்ட பொம்மை பிள்ளைகள் கையில் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே உடைந்தது.

அதோடு விட்டார்களா? இல்லை. தாங்களே புதிதாகச் செய்தார்கள். ஒன்று அல்ல, பல.

அந்தப் பையன்கள்தான் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, மோட்டார் விமானத்தில் பறந்து உலகையே வியக்க வைத்த சகோதரர்கள்.

"காசு கொடுத்து வாங்கியதை உடைத்துவிட்டாயே!" என்று அன்றைக்கு யாராவது முதுகில் இரண்டு போட்டிருந்தால்?

பீரோவின் மேல் ஒரு விமானம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளும் விமானம் கேட்கிறார்கள். தரையில் நின்றுகொண்டு ரேடியோ மூலம் ஓட்டும் விமானம். பிறந்த நாளைக்கு அப்பா வாங்கித் தருகிறார். பளபளப்பான பெட்டி. ஆயிரக்கணக்கில் விலை.

மாலையில் மைதானத்துக்குப் போகிறார்கள். முதல் முறை எறிந்ததும் மூக்கு குத்தி விழுகிறது. இறக்கை இரண்டு துண்டு.

அப்பா முகம் சிவக்கிறது. அம்மா, "அப்போதே சொன்னேனே!" என்கிறார். பிள்ளை அழுகிறான். அதை ஒட்டத் தெரியாது. எப்படிச் செய்தார்கள் என்றும் தெரியாது. விமானம் பீரோவின் மேல் ஏறுகிறது. பிறகு அது இறங்குவதே இல்லை.

குற்றம் பிள்ளையின் மேல் இல்லை. முதல் விமானம் விழத்தான் செய்யும். விழுந்தால் நஷ்டம் அதிகம் இல்லாத விமானத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். அதை அவனே செய்ய வேண்டும். கூட ஒரு பெரியவர் உட்கார வேண்டும். "அவன்" என்று எழுதினாலும், பெண் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான். கத்தியைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும், யார் நேராக வெட்டுகிறார்கள் என்று!

பலகையில் ஒரு விமானம்

பள்ளிக்கூட வேலைகளுக்காக எழுதுபொருள் கடைகளில் 'போம் போர்டு' என்று ஒரு பலகை விற்கிறார்கள். நடுவில் நுரை. இரண்டு பக்கமும் காகிதம். கனம் சுமார் 5 மில்லிமீட்டர். விமானம் செய்ய இது போதும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று லேசாக இருக்கும். மற்றொன்று கனக்கும். லேசானதே வேண்டும். 'சன் போர்டு' என்று ஒன்றும் கொடுப்பார்கள். அது பிளாஸ்டிக் வகை. கனம் அதிகம். முதல் விமானத்துக்கு ஆகாது.

வெட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பக்கக் காகிதத்தையும் நுரையையும் மட்டும் கத்தியால் கீற வேண்டும். அடிப்பக்கக் காகிதத்தைத் தொடக் கூடாது. அந்தக் காகிதமே கீல் ஆகிவிடும்! பலகையை மடக்கி, சூடான பசை வைத்தால் பெட்டி போன்ற உடல் தயார். வாலில் உள்ள தட்டுகளுக்கும் இதே கீல்தான். ஓரத்தைச் சரிவாகச் சீவிவிட்டால் தட்டு இரண்டு பக்கமும் அசையும்.

இறக்கையை உடலோடு ஒட்டிவிடக் கூடாது. உடலின் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டும். ஏன்? விமானம் தரையில் மோதினால் வளையம் நழுவும். இறக்கை கழன்று தனியே விழும். பெரும்பாலும் முறியாது.

பணம் எங்கே போகிறது? மோட்டார், அதன் வேகத்தை அடக்கும் கருவி, வால் தட்டுகளை அசைக்கும் 'சர்வோ' என்ற குட்டி மோட்டார்கள், ரிசீவர், பாட்டரி, கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர். செலவெல்லாம் இங்கேதான். ஆனால் பலகை உடைந்தாலும் இவை அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் தோன்றிய 'பிளைட் டெஸ்ட்' குழு இந்த வித்தையை நன்றாகப் பரப்பியது. மலிவுக் கடைப் பலகையில் செய்யும் விமானங்களின் வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தது. மோட்டாரைச் சின்னப் பெட்டியில் பொருத்தி, பெட்டியோடு கழற்றி வேறு விமானத்தில் மாட்டும் வழியையும் காட்டியது. ரைட் சகோதரர்கள் வாழ்ந்த டேட்டன் நகரமும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

தானே நிமிரும் இறக்கை

சண்டை விமானம் போலச் செய்ய வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிப்பான். கேட்கக் கூடாது. முதலில் பயிற்சி விமானம்தான்.

பயிற்சி விமானத்துக்கு இறக்கை உடலின் மேலே இருக்கும். விரித்த புத்தகம் போல, நுனிகள் இரண்டும் சற்று உயர்ந்திருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாக நழுவும். அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று அதிகமாகத் தாங்கும். மேலே தூக்கி நிமிர்த்திவிடும். ஓட்டுகிறவன் திகைத்து நிற்கும்போது விமானமே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

பறக்க விடுமுன் எடையைச் சமன் பார்க்க வேண்டும். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன் விளிம்பிலிருந்து 5 அல்லது 6 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் அடியில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பாதகம் இல்லை. வால் தாழ்ந்தால் எறியவே கூடாது! பாட்டரியை முன்னே நகர்த்தினால் சரியாகும்.

வீட்டில் சோதனை செய்யும்போது மோட்டாரில் விசிறியை மாட்டக் கூடாது. விரலை வெட்டிவிடும். லித்தியம் பாட்டரிக்கு உரிய சார்ஜர்தான் வேண்டும். படுக்கை மேல் வைத்து சார்ஜ் போடக் கூடாது. போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. திட்டுவதானால் இதற்குத் திட்டலாம்.

வில்பர் செய்த தவறு

காற்று அடங்கிய காலை நேரம். புல்தரை. ஆள் நடமாட்டம் கூடாது.

விமானம் கிளம்புகிறது. பிறகு கீழே இறங்குகிறது. பிள்ளை பயந்து குச்சியை இழுக்கிறான். மூக்கு மேலே தூக்குகிறது. வேகம் குறைகிறது. இறக்கை காற்றின் பிடியை இழக்கிறது. தொப்பென்று விழுகிறது.

இதே தவறை வில்பர் ரைட்டே செய்தார். 1903 டிசம்பர் 14-ந் தேதி அவர்தான் முதலில் ஏறினார். மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிட்டார். மூன்றரை விநாடியில் விமானம் மணலில் வந்து விழுந்தது. முன்பகுதி சேதம். சகோதரர்கள் பழுது பார்த்தார்கள். 17-ந் தேதி ஆர்வில் 12 விநாடி பறந்தார். தூரம் 120 அடி.

மூக்கு தூக்கிக்கொண்டால் குச்சியை விட்டுவிட வேண்டும். மூக்கு தாழட்டும். வேகம் வரட்டும். பிறகு மெல்லத் தூக்கலாம். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வராது. நாலு தடவை விழுந்தால் வரும்.

இன்னொரு சங்கடம். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறியதுபோல் தோன்றும். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும். நிமிர்ந்துவிடும்.

தானே நிமிர்த்தும் மின்கருவி வைத்த விமானங்களும் விற்கின்றன. அவற்றை மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் எடை கொஞ்சம் தவறியிருந்தாலும் கருவி சமாளித்து மறைத்துவிடும். எங்கே தவறு என்பது பிள்ளைக்குத் தெரியாது. முதல் விமானத்தில் அது வேண்டாம்.

எங்கே வேண்டுமானாலும் பறக்க விடலாமா? கூடாது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு வந்த டிரோன் விதிகள், வான்பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. வீட்டில் செய்த விமானமும் ஆளில்லா விமானம்தான். மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அரசின் வரைபடத்தில் பார்த்துவிட்டே போக வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் கூடவே கூடாது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும். சக்கரம் வைக்கலாமா? பெரிய மோட்டார் போடலாமா? இன்னும் பெரிதாகச் செய்யலாமா?

செய்யட்டும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றினால், விழும்போது எதனால் விழுந்தது என்று யார் சொல்வது?

1902-ல் ரைட் சகோதரர்களின் சறுக்கு விமானம் திரும்பும்போது தகராறு செய்தது. அதன் வாலில் இரண்டு செங்குத்துத் தட்டுகள் அசையாமல் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அசையும் ஒரே தட்டாக மாற்றினார்கள். சொன்னபடி கேட்டது!

பெரிதாகச் செய்யும் ஆசையிலும் அவர்களுக்கு அனுபவம் உண்டு. சிறு வயதில் அந்தப் பொம்மையைப் பெரிது பெரிதாகச் செய்து பார்த்தார்கள். பெரிதாக ஆக ஆகப் பறப்பது குறைந்தது. நீளம், அகலம், கனம் மூன்றையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஆகிவிடும். இறக்கைப் பரப்போ நான்கு மடங்குதான்.

இறக்கையின் பின் விளிம்பில் 'எய்லரான்' என்ற அசையும் துண்டுகளை வைப்பது நல்ல மாற்றம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். விமானம் சட்டென்று சாயும். அதற்காக இறக்கை நுனியின் உயரத்தைக் குறைத்தால், தானே நிமிரும் குணமும் குறையும். பல நாள் ஓட்டிய பிறகே அதைத் தொட வேண்டும்.

அன்றைக்கும் விழும். பிள்ளை துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான்.

"அப்பா, இறக்கை போச்சுப்பா."

"போகட்டும்டா. மோட்டார் சுத்துதா பாரு."

மோட்டார் சுற்றினால் போதும். உடைந்த இறக்கையைக் குப்பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வரலாம். புதுப் பலகையின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட, அதைவிட நல்ல அச்சு கிடைக்காது.