வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பாருங்கள்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபோகும் தொழிலாளி முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. அடுத்துத் தண்ணீரும் விளக்கும். பக்கத்தில் கோயில் உண்டா என்றுகூடக் கேட்டுவிடுகிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்ற கேள்வி மட்டும், சட்டி பானையெல்லாம் லாரியில் ஏறிய பிறகுதான் வருகிறது. தோட்ட ஆபீசில் உட்கார்ந்து, பள்ளி மாற்றத்திற்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை நம்முடையது. ஆகவே கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறோம்.

ஒரு குடும்பத்தின் கதை போதும். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. பால்மரம் வெட்டிய தகப்பனுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. இரண்டு அடுக்குமாடிகளைப் பார்த்தார்கள். மாதம் எண்பது வெள்ளி குறைவு என்பதற்காகத் தூரத்தில் இருந்ததை எடுத்தார்கள். அங்கிருந்து தமிழ்ப்பள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர். பள்ளி வேன்காரர் மூன்று பிள்ளைகளுக்குச் சொன்ன தொகையில் அந்த எண்பது வெள்ளி மூன்று முறை போய்விடும். கடைக்குட்டியை எதிர்ச் சாலையில் இருந்த தேசியப் பள்ளியில் சேர்த்தார்கள். மூத்தவர்கள் இருவரையும் தோட்டத்திலேயே பாட்டியிடம் விட்டார்கள். ஆறு மாதத்தில் லயத்தை உடைக்க ஆள் வந்தது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பட்டணத்திற்கு வந்தார்கள். நடுப்பிள்ளைக்கு இடம் கிடைப்பதற்குள் இரண்டு மாதம் வீட்டிலேயே கழிந்தது. இதில் யார் கெட்டவர்? யாருமில்லை. வீட்டை முதலில் பார்த்தார்கள், பள்ளியைப் பிறகு பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் பாட்டன்மார்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் அது ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோ பொழுதுபோக வந்து பாடம் சொன்னார்கள். (எம் கிராணிமார் அந்நாளில் என்ன பாடம் சொன்னார்களோ, அதைப் பற்றி நாம் அதிகம் பேசாதிருப்பதே மரியாதை.) நல்லதோ கெட்டதோ, இருந்தது ஒரே பள்ளி. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்குப் போயும், இன்று எஞ்சியிருப்பவை 520-க்குச் சற்று மேற்பட்டவை. அவற்றில் சில தோட்டத்தோடு அழியாமல் பட்டணத்துப் பள்ளிகளாகவே நிலைத்துவிட்டன. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம், பூச்சோங்கில் காசல்பீல்டு, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில். மரம் ஒன்றுகூட இல்லை; பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது.

பட்டணத்திலோ பள்ளி மூன்று விதம்: தமிழ்ப்பள்ளி, தேசியப் பள்ளி, சீனப்பள்ளி. மூன்றும் சர்க்கார் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. மூன்றிலும் மலாயும் ஆங்கிலமும் உண்டு. குடிபோன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டார் வந்து சொல்வார்கள்: "தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை உருப்படாது அண்ணே, சீனப்பள்ளியில் போடுங்கள், நாளைக்கு வேலை கிடைக்கும்." அவர் சொல்வது நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அவர் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார், டியூஷனுக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சீனப்பள்ளியில் ஒழுங்கு உண்டு, கணக்கில் கண்டிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அம்மா அப்பா இருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியாத மொழியில் ஏழு வயதுப் பிள்ளை தனியாக நின்று போராடுகிறது. நின்று வென்ற பிள்ளைகள் உண்டு. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எம் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். எட்டும் தூரத்தில் ஒழுங்காக நடக்கும் தமிழ்ப்பள்ளி இருந்தால், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அதுவே முதல் இடம். மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. மரம் வெட்டிவிட்டு வந்த தாய், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். ஆசிரியரிடம் போய், "ஐயா, என் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை?" என்று கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். கேட்கும் பெற்றோரின் பிள்ளையைப் பள்ளி கவனிக்கிறது. கேட்கத் தெரியாமல் வாசலோடு திரும்பும் பெற்றோரின் பிள்ளை கடைசி வரிசைக்குப் போகிறது. இதுதான் எம் அனுபவம்.

அதற்காகத் தமிழ்ப்பள்ளி என்ற பலகையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. நாமும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களே. இடைநிலைப்பள்ளிக்குப் போன ஆண்டில், மலாயில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். மலாய் போதாத பிள்ளை முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார நேர்கிறது; தோட்டத்தார் 'ரிமூவ் கிளாஸ்' என்பது இதைத்தான். அங்கேயே மனம் விட்டுப்போய்ப் படிப்பை நிறுத்திய பையன்களை ஒவ்வொரு தோட்டத்திலும் காட்டலாம். ஆகவே தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது மலாய்ப் பாடத்தைப் பற்றித்தான். யார் சொல்லிக் கொடுக்கிறார், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மலாயில் பேசுகிறார்களா என்று கேளுங்கள்.

முன்பெல்லாம் பள்ளியை அளக்க ஒரு கோல் இருந்தது. யு.பி.எஸ்.ஆர். முடிவு வந்ததும் எத்தனை பேருக்கு எத்தனை 'ஏ' என்று வேலியில் துணி கட்டித் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்து நாம் முடிவு செய்தோம். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இனி நம் கண்தான் கோல். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர் யாராவது சாலையில் நின்று பார்க்கிறாரா, கழிவறை கழுவியிருக்கிறதா என்று பாருங்கள். சிற்றுண்டிச் சாலை அம்மாவிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தால், ஆபீசில் சொல்லாததையும் அவர் சொல்லுவார். காலைப் பள்ளியா, மாலைப் பள்ளியா என்பதையும் கேளுங்கள். அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்றிருக்கும் வீட்டில், மாலைப் பள்ளி விட்டு இருட்டும் நேரத்தில் வரும் பிள்ளையை யார் அழைத்து வருவது?

நான்காம் ஐந்தாம் ஆண்டில் மாறும் பிள்ளைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 2016-இல் வந்த இருமொழித் திட்டத்தின்படி சில பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தோட்டப் பள்ளியில் தமிழில் பின்னம் படித்த பிள்ளை, பட்டணத்துப் பள்ளியிலும் அதே பாடத்தைக் கண்டு விழிக்கும். இதைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிட்டால், வீட்டில் சொல்லிக் கொடுக்கவோ வேறு பள்ளி தேடவோ அவகாசம் இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: "எழுத்துக்கூட்டத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளைக்கு இங்கே என்ன செய்கிறீர்கள்?" கெட்டிக்காரப் பிள்ளைகளை எந்தப் பள்ளியும் காட்டும். இந்தக் கேள்விக்குத் தலைமையாசிரியர் தயங்காமல் பதில் சொன்னால், அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்கு ஏற்றது.

தமிழ்ப்பள்ளி எட்டாத தூரம், வேறு வழியில்லை, தேசியப் பள்ளிதான் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் உரிமையை விட்டுவிடாதீர்கள். தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால்தான், கேட்காவிட்டால் யாரும் வலிய வந்து தரமாட்டார்கள். ஓர் அடுக்குமாடிப் பகுதியில் பதினைந்து கையெழுத்துக்கு எத்தனை கதவு தட்ட வேண்டும்? சம்பள உயர்வுக்குத் தோட்டம் தோட்டமாகக் கையெழுத்து வாங்கிய நமக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இவ்வளவும் சொல்லும்போது ஒரு கேள்வி நெஞ்சில் உறுத்துகிறது. எல்லாரும் போய்விட்டால் தோட்டத்துப் பள்ளி என்னாவது? 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30-க்கும் கீழே போனால் இரண்டு வகுப்பை ஓர் அறையில் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துவார். பள்ளி வாழ வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் தம் பிள்ளையைத் தனியே விட்டுப் போக வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். சொல்ல வேண்டியது நிர்வாகத்திடமும் சர்க்காரிடமும்தான். தோட்டம் விற்கப்படும்போது நட்டஈடு, வீடு என்று பேசுகிறோம். அந்த மேசையிலேயே பள்ளிக்கு நிலமும் கேட்க வேண்டும். மக்கள் குடிபோகும் இடத்திற்கே பள்ளியின் உரிமத்தையும் கொண்டு போக வேண்டும். மேலே சொன்ன பள்ளிகள் பட்டணத்தில் நிற்கும்போது, இதை முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்திற்குச் சொந்தம் என்பதால் அரை உதவியோடு காலம் தள்ளிய பள்ளிகள் எத்தனை! விற்ற பிறகு கேட்டால் விலை சொல்வார்கள். விற்கும் முன் கேட்க வேண்டும். இதைக் கிளைகள் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

கடைசியாகத் தாள் விஷயம். முதலாம் ஆண்டுப் பதிவு, பிள்ளை பள்ளிக்குப் போகும் ஆண்டுக்கு முந்திய ஆண்டிலேயே நடக்கிறது. அதுவும் இப்போது கணினி வழியாக. குடியிருக்கும் முகவரியைப் பார்த்தே இடம் ஒதுக்குகிறார்கள். ஆதலால் வாடகை ஒப்பந்தத்தையும் மின்சார பில்லையும் பத்திரமாக வையுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தகைய வீட்டார் பள்ளி திறக்கும் வாரம் வரை காத்திராமல், இன்றே கிளைச் செயலாளரிடம் சொல்லட்டும். அது ஒரு நாளில் முடியும் காரியமன்று. மற்றவர்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் வாருங்கள்; படிவம் நிரப்பித் தரக் கிளைத் தோழர் இருப்பார். வரும்போது பெற்றோர் இருவரின் அடையாளக் கார்டையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் கையோடு கொண்டு வாருங்கள்.