குவாய் நதிப் பாலத்தில் நம் பெயர் எங்கே?

"கதையைக் கதையாகப் படியுங்கள், அதில் வர்க்கத்தையும் அரசியலையும் நுழைக்காதீர்கள்" என்று நமக்குப் புத்தி சொல்வோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: நுழைத்தவர்கள் நாமா?

'குவாய் நதிப் பாலம்' நாவலை எடுத்துக்கொள்வோம். 1952-இல் பிரெஞ்சு மொழியில் பியர் பூல் எழுதியது. 1957-இல் படமாகி ஏழு ஆஸ்கார் பரிசுகளை வாங்கியது. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைதான் கதைக்களம்.

அதில் முதல் போராட்டம் எது? கைதியான ஆங்கிலேயக் கர்னல், "அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யமாட்டார்கள்" என்று அடம்பிடிக்கிறார். சிப்பாய் மண் சுமக்கலாம். அதிகாரி சுமந்தால் மானம் போய்விடுமாம்! உலகமே கைதட்டியது. போர்க்கைதிச் சட்டமே அப்படித்தான் என்பார்கள். அந்தச் சட்டத்திலும் வர்க்கம் இருக்கிறதல்லவா? உழைப்பு மானக்கேடு என்றால், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால் வெட்டும் நாம் மானங்கெட்டவர்களா?

இன்னொன்று. அந்தப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளரோ அதைப்போல் பலமடங்கு. சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுவோர் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் மட்டும் பல்லாயிரம். சயாமுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் உண்டு. பியர் பூல் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழனை அறியாதவர் அல்லர். ஆயினும் பெயர் சொல்ல ஒரு தோட்டத் தமிழன் அந்தக் கதையில் இல்லை!

செக்ரோலில் பெயர் விடுபட்டால் என்ன ஆகும்? உழைத்தவனுக்கு அன்றைய கூலி இல்லை. கதையில் பெயர் விடுபட்டால் சரித்திரத்தில் கூலி இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அந்தப் பெயரை மீட்டு எழுதியது. அது வெளிவந்ததோ 1993-இல். அரை நூற்றாண்டு கழித்து!

வெள்ளைக்காரன் கதையை மட்டும் இப்படிப் படித்தால் போதாது. ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது பட்டியல் எழுதிய கை யாருடையது? துரைமார் ஓடியோ சிறைப்பட்டோ போய்விட்டார்கள். எழுதியது கிராணி, கங்காணி கை என்று பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிராணித் தோழர்களே, கதையில் அந்த ஆள் வரும்போது பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். செக்ரோல் எழுதும் நாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம்.

தோழர்களே! புத்தகத்தைத் திறந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உழைப்பவர் யார்? பெயர் யாருக்கு? எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார்?

இன்று தோட்டங்களில் வங்காளதேசத் தொழிலாளியும் நம்மோடு பெரட்டுக்கு நிற்கிறான். நாளை நாம் எழுதும் கதையில் அவனுக்குப் பெயர் இல்லையென்றால், பியர் பூலைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.