பள்ளி மாறினால் பந்தயம் போய்விடுமா?



என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பெண் ஒருத்தி. இடைநிலைப்பள்ளியில், படிவம் இரண்டிலேயே 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். ஆண்டின் நடுவில் அவள் அப்பாவுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தது. அவளும் பள்ளி மாறினாள். மாவட்டப் போட்டியன்று, "உன் பெயர் பழைய பள்ளியில்தான் பதிவாகியிருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வீடு திரும்பினாள்.

விதியைக் குறை சொல்லவில்லை. நல்ல ஓட்டக்காரர்களைப் பெரிய பள்ளிகள் இழுத்துக்கொண்டால் சின்னப் பள்ளிகள் என்றைக்கு ஜெயிப்பது? இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில், பள்ளி மாறிய மாணவர் ஓராண்டு வரை பள்ளிக்காக விளையாட முடியாது என்று விதி வைத்தார்கள். ஆனால், குடும்பமே வீடு மாறியிருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. ஆள் பிடிப்பது வேறு, பிழைப்புக்காக ஊர் மாறுவது வேறு அல்லவா?

பள்ளி மாற்றத்துக்கு மனு எழுத அவள் அப்பா என்னிடம்தான் வந்தார். படிப்பைப் பற்றி எழுதினேன். ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது என் தவறு.

ஆகவே, சாமான் கட்டுமுன் புதுப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரைப் பாருங்கள். பெயர்ப் பதிவு என்றைக்கு முடிகிறது என்று கேளுங்கள். மாறும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பிள்ளையின் உழைப்பு பழைய தோட்டத்திலேயே தங்கிவிடக் கூடாது.