காமிராவும் பொறுமையும்

நம் ஊருக்குப் பெயர் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையின் வடபுறத்தில் இருக்கிறது. பரவை என்றால் கடல். பரந்த நீர்ப்பரப்பு என்றும் பொருள் கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பலர் ஊர்ப் பெயரை எழுதும்போது இடையின ரகரத்துக்குப் பதிலாக வல்லின றகரத்தைப் போட்டு, ஊரையே பட்சியாக்கிப் பறக்கவிட்டு விடுகிறார்கள். அதற்கு மார்க்கைக் குறைப்பது நம்முடைய உத்தியோக தர்மம். ஆயினும் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கரைமேல் போய் நின்று பார்த்தால், பிள்ளைகளின் பிழையிலும் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றும். முக்குளிப்பான் முழுகி முழுகி எழும். உண்ணிக்கொக்கு மேயும் மாட்டின் பின்னாலேயே நடக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துத் தலைகீழாகத் தண்ணீரில் விழும்.

இவற்றைப் பார்க்க வருகிறவர்களில் சமீப காலமாக ஒரு புதிய கூட்டத்தாரைக் காண்கிறோம். தோளில் நீண்ட குழாய் போன்ற லென்ஸுடன் காமிரா தொங்கும். அதற்கு வசதியில்லாதவர் கையில் செல்போன் இருக்கும். குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியையும் தியாகம் செய்துவிட்டு வருகிறார்கள். இதனால் ஒருவருக்கும் காலணா வருமானம் கிடையாது. ஆசை ஒன்றே மூலதனம். சீட்டாட்டத்தையும் ஊர் வம்பையும்விட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆகையால் அவர்களுக்கு நமது வந்தனம் முதலில். இரண்டொரு வார்த்தை பிறகு.

பிலிம் காலத்துக் காமிராக்கள் பலவற்றில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் காசு. இருட்டறையில் கழுவி எடுக்கும் வரையில் படம் விழுந்ததா, விழவில்லையா என்பது தெரியாது. ஆகவே விசையை அழுத்துவதற்கு முன் மனிதன் பார்த்தான். ஒரு முறைக்குப் பத்து முறை பார்த்தான். இன்றோ ஒரு விநாடியில் பத்தும் இருபதும் எடுத்துத் தள்ளும் காமிராக்கள் வந்துவிட்டன. இது நல்லதுதான், ஏழைப் பையனும் படம் எடுக்கலாம். ஆனால் படங்கள் பெருகிய அளவுக்குப் பார்ப்பது பெருகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் புலியைச் சுட்டு வீழ்த்தி, அதன் உடல்மேல் காலை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வதே வீரம் என்று கருதப்பட்டது. அந்தக் காலத்திலேயே ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாயிருந்த சாம்பியன் என்னும் ஆங்கிலேயர் வேறு விதமாக நினைத்தார். புலி நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதனுடன் காமிராவையும் விளக்கையும் இணைத்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இரவில் புலி அவ்வழியே வரும், கம்பி அசையும், ஒரு கணம் வெளிச்சம் பளிச்சிடும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொடுத்துவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போய்விடும்! அத்தகைய படங்களை அவர் 1927-இல் புத்தகமாக வெளியிட்டார்.

நம் தமிழ்நாட்டிலும் இத்துறையில் ஒரு பெரியவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் புதல்வர் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். அவர் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1942 முதல் சில வருஷங்கள் ஸந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி முதலிய பல உத்தியோகங்களைப் பார்த்தார். பிறகு சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் காட்டையும் நம்பி வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை, உயிர் பிரியும் வரையில் நாற்பத்தாறு வருஷ காலம் எழுதி வந்தார். பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

அவருடைய காமிராவைப் பற்றிச் சொன்னால் இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பாரமான யந்திரம் அது. 'ஸூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களோடு நின்றார், வர்ணத்தை நாடவில்லை. முதுமலை போன்ற காடுகளில், பழகிய யானையின் முதுகில் ஏறிக் காட்டு யானைகளிடம் போவார். யானையின் வாடையில் மனித வாடை அமிழ்ந்துவிடும். காட்டு மிருகங்கள் அவ்வளவாக மிரளுவதில்லை. சாம்பியனின் உபாயம் வேறு, கிருஷ்ணனின் உபாயம் வேறு. ஆனால் இருவருக்கும் அடிப்படை ஒன்றே: மிருகம் தன் வாழ்க்கையைத் தன் போக்கில் நடத்த வேண்டும், படம் எடுப்பவன் அதன் நடுவில் போய் நிற்கக் கூடாது.

இதன் அவசியம் பரவைக் கண்மாயிலேயே ஒரு கோடையில் நமக்கு விளங்கிற்று. தண்ணீர் வற்றி, ஒரு மூலையில் மட்டும் குட்டையாய்த் தேங்கியிருந்த சமயம். நம்மிடம் படிக்கும் பையன் ஒருவன் செல்போனும் கையுமாக ஓடிவந்தான். "ஸார், ஆள்காட்டிக் குருவி முட்டை இட்டிருக்கு! நாலு முட்டை! பக்கத்திலே போய் எடுக்கட்டுமா?" என்றான்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், சரளைக்கும் மண்ணாங்கட்டிக்கும் நடுவே சிறு பள்ளத்தில் முட்டையிடும். முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பறவை தலைக்கு மேலே வட்டமிட்டு அலறிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று, மதுரை வெயில் எப்படிப்பட்டது என்பதை வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. "தம்பி, முதலில் அந்தக் கருவேல மரத்துக்குப் பின்னால் வா; வந்து உட்கார்" என்றோம். பையனுக்கு அதிருப்திதான். ஆனாலும் வந்தான்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பறவை தூரத்தில் இறங்கியது. நேரே வராமல், எங்கோ போவதுபோல் பாசாங்கு செய்து, சுற்றிச் சுற்றி நடந்து முட்டைகளிடம் வந்து சேர்ந்தது. அது வெப்பமூட்டுவதற்காக உட்காரவில்லை. தன் உடம்பின் நிழலை முட்டைகளுக்குக் கொடுத்தது. சற்று நேரத்தில் எழுந்து குட்டைக்குப் போயிற்று; வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஈரத்தோடு முட்டைகள்மேல் அமர்ந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ஸார், நான் அங்கேயே நின்றிருந்தால் முட்டை வெந்து போயிருக்குமே!" என்றான். அவன் எடுத்த படத்தில் பறவை கடுகளவுதான் இருக்கிறது. எந்தப் போட்டியிலும் அதற்குப் பரிசு கிடைக்காது. ஆனால் அந்தக் கடுகளவு பறவையைப் பற்றி அவன் ஒரு மணி நேரம் பேசுவான்.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பவர் கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் செய்வது வேட்டைதான்.

பொறுமையாக எடுத்த படத்தினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, நம் ஜில்லாவிலேயே விடை இருக்கிறது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில், மலையும் ஏரிகளும் சுனைகளும் சூழ்ந்த 193 ஹெக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டென்றும், அபூர்வமான வல்லூறு, ராசாளி இனங்கள் அப்பாறைகளில் வாழ்கின்றன என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை; யாரோ பல காலைகள் போய், நின்று, பார்த்து, குறித்து வைத்ததனால் வந்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராமத்து மக்கள் திரண்டு எழுந்தார்கள். டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தார்கள். காப்பாற்றியது மக்களின் உறுதி. ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பெயர் சொல்லிக் காட்டுவதற்கு, முன்கூட்டியே பார்த்து வைத்தவர்கள் வேண்டியிருந்தது அல்லவா?

ஆகவே காமிரா வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். எடுத்த படத்தின் கீழே தேதியும் இடமும் எழுதி வையுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள். பறவை அலறினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பத்தடி பின்னால் வாருங்கள். வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அரை மணி நேரம் சும்மா உட்காருவது எப்படி என்பதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்க எங்களால் முடியவில்லை. ஒருவேளை ஆள்காட்டிக் குருவியால் முடியலாம்.