லேடெக் பழக எந்த எடிட்டர்? என் கருத்து



உங்களில் சிலர் பிஎச்.டி. செய்கிறீர்கள். சிலர் கல்லூரியில் வினாத்தாள் தயாரிக்கிறீர்கள். சிலர் பிள்ளையின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காகக் கேட்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான்: "சார், லேடெக் புதுசா கத்துக்க எந்த எடிட்டர் நல்லது?"

என் பதில்: டெக்ஸ்வொர்க்ஸ். முதல் மாதம் அது போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லேடெக் வேறு, எடிட்டர் வேறு. 1977-ல் டொனால்டு குனூத் தன் கணினிப் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தரம் பிடிக்காமல், தானே டெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலை எழுதத் தொடங்கினார். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். சமன்பாட்டை அழகாக அடுக்குவது இந்த நிரல்தான். எடிட்டர் நாம் தட்டச்சு செய்யும் இடம் மட்டுமே. எந்த எடிட்டரில் எழுதினாலும் பக்கம் ஒரே மாதிரிதான் வரும். நம் கோப்பும் வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் நாளைக்கே வேறொன்றில் திறக்கலாம். ஆகவே பயப்பட வேண்டாம்.

பிறகு ஏன் தேர்வு முக்கியம்? பாதியில் விட்டுவிடுபவர்களை லேடெக் விரட்டுவதில்லை. திரை முழுக்க இருக்கும் பட்டன்களும் சிவப்புப் பிழைச்செய்திகளும்தான் விரட்டுகின்றன. ஜோனதன் கியூ உருவாக்கிய டெக்ஸ்வொர்க்ஸில் இடப்பக்கம் நீங்கள் எழுதியது, வலப்பக்கம் பிடிஎஃப், மேலே ஒரு பச்சைப் பட்டன். அவ்வளவுதான். கண்ட்ரோல் விசையோடு பிடிஎஃபில் ஓரிடத்தைச் சொடுக்கினால், அதற்குரிய வரிக்கே போய் நிற்கும். விண்டோஸில் மிக்டெக் அல்லது டெக்லைவ் நிறுவினால் கூடவே வந்துவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு மேக்டெக்கோடு வரும் டெக்ஷாப். இதற்கு முன்மாதிரியே அதுதான்.

"டெக்ஸ்டூடியோவில் குறியீடுகளைச் சொடுக்கினாலே போதுமே, கட்டளையைத் தானே முடித்துக்கொடுக்குமே" என்பீர்கள். உண்மைதான், நல்ல மென்பொருள். ஆனால் வாய்ப்பாடு தெரிந்த பிறகுதானே உங்களிடம் கால்குலேட்டர் கொடுத்தேன்? பின்னத்துக்கும் வர்க்கமூலத்துக்கும் உரிய கட்டளைகளைக் கையால் அடித்துப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து டெக்ஸ்டூடியோவுக்கு மாறினால் அதன் வசதி ஒவ்வொன்றும் எதற்கென்று புரியும்.

ஓவர்லீஃப்? எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே வேலை நடக்கும், கைடும் நீங்களும் ஒரே கோப்பில் எழுதலாம். கூட்டாக எழுத அதுவே சிறந்தது. ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் கை கட்டிப்போகும். இலவசக் கணக்கில் தொகுக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. படங்கள் சேர்ந்து தீசிஸ் பெருத்த பிறகு, சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்த வரம்பில் முட்டிக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது? மூன்று வருட உழைப்பின் ஒரு பிரதியாவது உங்கள் கணினியில் இருக்கட்டும். ஓவர்லீஃப் பயன்படுத்துபவர்கள் வாரம் ஒருமுறை மூலக்கோப்புகளை ஜிப்பாக இறக்கி வையுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைப் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில் பிடிஎஃப்லேடெக் இருந்தால் ஸீலேடெக் என்று மாற்றுங்கள். ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுங்கள். எழுத்துருவின் அமைப்பில் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? ஒரு பக்கம், மூன்று சமன்பாடு, ஓர் அட்டவணை தட்டச்சு செய்யுங்கள். சரியாக வந்ததும் ஓர் அடைப்புக்குறியை வேண்டுமென்றே அழித்துவிட்டு ஓட்டுங்கள். என்ன செய்தி வருகிறது, எந்த வரி எண்ணைச் சொல்கிறது என்று பாருங்கள். நீங்களே உண்டாக்கிய பிழையை நீங்களே திருத்துங்கள். இப்படிப் பத்துப் பிழை பார்த்தவர், நள்ளிரவில் பதினோராவது வரும்போது பதற மாட்டார்.

செய்து பார்த்துவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். எங்கே சிக்கியது என்று சொன்னால் சேர்ந்து பார்ப்போம்.