வசதியிருந்தும் பாதியில் நிற்கும் படிப்பு

சாதாரண தரப் பெறுபேறு வெளியானபோது எங்கள் வகுப்பில் அதிக ‘ஏ’ எடுத்தவர்களில் என் பக்கத்து மேசைத் தோழியும் ஒருத்தி. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போவதென்று தரம் 9இலேயே இருவரும் பேசி வைத்திருந்தோம். அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் இரண்டு கடைகள். எந்த ரியூஷனுக்கும் பணம் கட்டத் தயங்காத குடும்பம். ஆனால் உயர்தர வகுப்பு ஆரம்பித்த நாளில் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. “நல்ல இடம் வந்திருக்கு, படிப்பைப் பிறகு பார்க்கலாம்தானே” என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டார்களாம்.

அதே மாதம் ரியூஷன் வகுப்பில் இன்னொரு மாணவியைச் சந்தித்தேன். மஹய்யாவ மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வருபவள். அவளுடைய அம்மா விடியற்காலையில் நகரத்து வீதிகளைக் கூட்டுபவர். மற்றவர்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, இரவில் கையால் எழுதிப் படிக்கிறாள். “ஏலெவல் எடுக்காமல் அம்மா என்னை விடமாட்டா” என்று சிரித்தாள்.

வறுமைதான் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்குகிறது என்று பேச்சுப் போட்டிகளில் நானும் முழங்கியிருக்கிறேன். அது பொய்யில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏழைப் பிள்ளையை விட வசதியான பிள்ளைக்கே இடைநிலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் வசதி இருந்தால் மட்டும் எல்லோரும் முடித்துவிடுகிறார்களா? தென்கொரியாவில் ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி ஏறத்தாழ எல்லோரும் உயர்நிலைப் பாடசாலையை முடிக்கிறார்கள். நைஜர், புர்கினா பாசோ போன்ற ஆபிரிக்க நாடுகளிலோ வசதி படைத்த குடும்பங்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கட்டத்தை எட்டுவதில்லை. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை மூடப்பட்டிருக்கிறது. காபூலின் மிகப் பெரிய பணக்காரரும் தன் மகளுக்கு அங்கே ஏழாம் வகுப்பை விலைக்கு வாங்க முடியாது.

எமது நாட்டில் கதவு திறந்தே இருக்கிறது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழிற்பிரிவில் சேர்ந்து தரம் 13 வரை படிப்பதற்கு 2017இல் ஒரு திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் சட்டம் எம் கையைப் பிடித்துக்கொண்டு வருவது 16 வயது வரைதான். அதாவது சாதாரண தரப் பரீட்சை வரை. அதற்குப் பிந்திய இரண்டு மூன்று வருடங்களை ஒவ்வொரு வீடும்தான் தீர்மானிக்கிறது.

அந்த வயதில்தான் எம் சமூகத்தின் வசதியான வீடுகளில் இரண்டு அழைப்புகள் வருகின்றன. ஆண் பிள்ளையைக் கடை அழைக்கிறது. பெண் பிள்ளையைக் கல்யாணம் அழைக்கிறது. எனது மாமியின் மகன் பரீட்சை முடிந்த மறுவாரமே கடைக்குப் போனான். அவன் பாடசாலையை விட்டுவிட்டான் என்று யாரும் கவலைப்படவில்லை; “பொறுப்பான பிள்ளை” என்றார்கள். ஏழைப் பிள்ளை நின்றால் அதற்கு இடைவிலகல் என்று பெயர். பணக்காரப் பிள்ளை நின்றால் அதற்கு விருந்து வைக்கிறோம். ஏழைப் பிள்ளைக்காவது புலமைப்பரிசில் கொடுத்துத் திருப்பி அழைக்கலாம். என் தோழியை எந்தப் புலமைப்பரிசிலைக் கொடுத்து அழைப்பது?

நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் 1995 முதல் ஆகக் குறைந்த வயது 18. எம்மை ஆளும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படியோர் எல்லையை விதிக்கவில்லை. அதைப் பற்றிப் பெரியவர்கள் நீண்ட காலமாக விவாதிக்கிறார்கள். அவர்கள் விவாதித்து முடிக்கும்வரை எத்தனை கதிரைகள் வெறுமையாகும் என்பதுதான் என் கவலை.

“பட்டம் பெற்றவர்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள், கடை இருக்கும்போது சான்றிதழ் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அந்த உழைப்பில் வளர்ந்தவள்தான். ஆனால் 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்ததை நாம் மறந்துவிட முடியாது. கொரோனா முடக்கத்திலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் கண்டி நகரத்துக் கடைகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். கடை ஒருநாள் கைவிட்டுப் போகலாம். படித்தது போகாது. கணவனின் வருமானம் நின்றால் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பெண்ணுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இதை முதலில் சொல்பவள் நானல்ல. எமது கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்துக் கல்வியைப் பற்றி எழுதினார். இதே நகரில் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை திறந்து, தம் சகோதரியையே அதைக் கவனிக்கச் செய்தார். வசதியான வழக்கறிஞரான அவர் மாற்றத்தைத் தம் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார். நூறு வருடங்களுக்குப் பின்னரும் அதே வேண்டுகோளை நாம் விடுக்க வேண்டியிருக்கிறது.

வாப்பாமாரே, உம்மாமாரே, நாங்கள் கேட்பது அதிகமில்லை. உயர்தரப் பெறுபேறு வரும்வரை கல்யாணப் பேச்சையும் கடைச் சாவியையும் ஒதுக்கி வையுங்கள். நல்ல இடம் என்றால் இரண்டு வருடம் காத்திருக்கும். காத்திருக்காத இடம் அவ்வளவு நல்ல இடமா என்றும் யோசியுங்கள். ஆசிரியர்களே, வசதியான வீட்டுப் பிள்ளை வராவிட்டாலும் ஏன் என்று விசாரியுங்கள். சகோதரிகளே, மரியாதையோடு, ஆனால் தெளிவாக, “நான் முடித்துவிடுகிறேன் வாப்பா” என்று சொல்லப் பழகுவோம்.

உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். இதை என் தோழிக்குச் சொன்னேன். “கேட்டுப் பார்க்கிறேன்” என்றாள். இப்போது நானும் ஒவ்வோர் இரவும் பாடக் குறிப்புகளை இரண்டு தடவை எழுதுகிறேன். ஒன்று எனக்கு. மற்றது அவளுக்கு.